பேர் கூப்பிடும் வரை

தலையணை உறையை உருவிக்கொண்டிருந்த டெஸ்ஸாவின் கையில் ஓர் இருமல் மிட்டாய் தட்டுப்பட்டது. பாதி சப்பியது, துணியோடு ஒட்டியிருந்தது. எதிரில் நின்ற க்ளேர் பார்ப்பதற்குள் அதைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"தூக்கத்துலயே போயிட்டாராம்," என்றாள் க்ளேர், விரிப்பைச் சுருட்டியபடி. "யாருமே இல்லையாம்ப்பா அவருக்கு. எனக்கு என்னமோ பண்ணுது. இன்னிக்கு வட்டத்துல இதைத்தான் சொல்லப்போறேன்."

வட்டம் என்பது, இந்த வீடற்றோர் விடுதிக்குத் தொண்டு செய்ய வந்த கல்லூரிப் பிள்ளைகள் சாப்பாட்டுக்குப் பிறகு தரையில் உட்கார்ந்து, இன்று மனதைத் தொட்டது எது என்று சொல்லி அழுவது. வசந்த விடுமுறைக்கு மற்றவர்கள் கடற்கரைக்குப் போயிருந்தார்கள். இவர்கள் டொலீடோ நகரத்துக்கு வந்து புண்ணியம் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே நிறச் சட்டை, முதுகில் கல்லூரிப் பெயர். டெஸ்ஸாவும் அதைத்தான் போட்டிருந்தாள். அவள் இதே ஊரில் பிறந்தவள் என்று அவர்களுக்குத் தெரியாது. செத்துப்போன வெர்ன் ஹாட்லி அவளுடைய அப்பா என்றும் தெரியாது. அவள் பெயருக்குப் பின்னால் இருந்தது அம்மாவின் குடும்பப் பெயர்.

அவர் இங்கே இருக்கிறார் என்று தெரிந்துதான் வண்டியில் ஏறினாள். வந்த அன்றே சூப் வரிசையில் அவர் தட்டோடு நின்றார். அவளுடைய கரண்டி அசையவில்லை. அவர்தான் குனிந்து, "உன் சிநேகிதங்க பாக்கறாங்க. ஊத்தும்மா," என்றார். அப்புறம் ஒவ்வொரு வேளையும் அவள் அவருக்கு 'மிஸ்' ஆனாள்.

"மிஸ், இந்த சூப்புல கோழி குளிச்சிட்டுப் போச்சா, இல்ல எட்டிப் பாத்துட்டுப் போச்சா?"

வரிசையே சிரிக்கும். அவளும் சிரிப்பாள், யாரோ ஒரு கிழவரின் வேடிக்கைக்குச் சிரிப்பது போல. நேற்றும் சிரித்தாள்.

"ஏ பொண்ணே, நிறுத்து!"

பக்கத்துப் படுக்கைக்காரன் டார்னெல் துண்டோடு ஓடிவந்தான். "யாரு உன்னை இதுல கை வைக்கச் சொன்னது?"

"சுத்தமா இருக்கட்டுமேன்னுதான் சார்..." க்ளேர் பின்வாங்கினாள்.

"என்ன பெரிய சுத்தம்? சாயங்காலம் பேரு கூப்பிடற வரைக்கும் இது வெர்னோட படுக்கை. கூப்பிட்டு, பதில் வராமப் போனாத்தான் உருவணும். இங்க எத்தனை பேரு செத்திருக்கான், எல்லாருக்கும் அப்படித்தான். இப்பவே உருவிட்டா அவன் வந்து எங்க படுப்பான்? தெருவுல கெடந்தவன் செத்தும் தெருவுலயே நிக்கணுமா?"

அவன் போனதும் க்ளேர் கிசுகிசுத்தாள். "பாவம், இவங்களுக்குன்னு ஒரு நம்பிக்கை. அழகா இருக்குல்ல?"

"வாயை மூடு க்ளேர்."

மதியம் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவும்போது, விடுதிப் பொறுப்பாளர் ரோசலிண்ட் தொலைபேசியை வைத்துவிட்டுச் சமையல்காரரிடம் சொன்னாள். "சொந்தம்னு யாராச்சும் வந்து நின்னாத்தான் ஆஸ்பத்திரில உடம்பைக் குடுப்பாங்களாம். இல்லேன்னா கவுண்டி நிர்வாகமே எரிச்சு ஒரு டப்பாவுல போட்டுடும். வெர்னுக்கு யாரு இருக்கா?"

டெஸ்ஸா வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து க்ளேர் ஒரு கூடைக் கிழங்கோடு உள்ளே வந்தாள். சொன்னால் என்ன நடக்கும் என்று டெஸ்ஸாவுக்குத் தெரியும். கட்டிப்பிடிப்பார்கள். அவளுக்காக அழுவார்கள். ராத்திரி வட்டத்தில் அப்பாவை ஆளுக்கொரு கரண்டி ஊற்றிக் குடிப்பார்கள். கத்தி தோலோடு பாதிக் கிழங்கையும் சீவித் தள்ளியது.

சாயங்காலம் பனிமழை பிடித்துக்கொண்டது. கூடத்தில் ஆண்கள் அவரவர் படுக்கையின் கால்மாட்டில் நின்றார்கள். கூப்பிடும்போது பதில் சொல்லாதவரின் படுக்கை, வெளியே நனைந்துகொண்டு நிற்பவர்களுக்குப் போய்விடும். கூலிவேலை முடிந்து வெர்ன் தாமதமாக வரும் நாட்களில் டார்னெல்தான் அவரைப் போலவே இருமி, "இருக்கேன்" என்று சொல்லிவைப்பான். ரோசலிண்ட் காது கேட்காதவள் போல அடுத்த பேருக்குப் போவாள்.

வெர்னின் பூட்ஸ் கட்டிலுக்கடியில் இருந்தது. காலையில் உருவிய விரிப்பு துவைக்கப் போயிருந்தது; மேலே வெறும் நீல ரெக்ஸின் மெத்தை. வரிசையில் அந்த ஒரு மெத்தை மட்டும் வியர்த்திருந்தது.

"வெர்ன் ஹாட்லி," என்று கூப்பிட்டாள் ரோசலிண்ட்.

சுவரோரம் உறுமிக்கொண்டிருந்த ஹீட்டர் நின்றது.

அப்புறம் இருமல் கேட்டது. வறண்ட இருமல், அதன் வாலில் சளியின் சின்னக் கரகரப்பு.

"டார்னெல்," என்றாள் ரோசலிண்ட். "இன்னிக்குமா வெளையாட்டு?"

டார்னெல் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். இல்லை இல்லை என்று தலை மட்டும் ஆடியது. அவனுக்கு அந்தப் பக்கம் நின்றவர் தொப்பியைக் கழற்றினார்.

பக்கத்தில் நின்ற க்ளேரின் விரல்கள் டெஸ்ஸாவின் கையில் பதிந்தன. "யாரு? யாரு அது?"

"எங்கப்பா," என்றாள் டெஸ்ஸா.

எல்லோருக்கும் கேட்டது. க்ளேரின் கை தானாக விலகியது. ரோசலிண்ட் டெஸ்ஸாவின் முகத்தைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மூக்கு," என்றாள் கடைசியில். "அதே மூக்கு. எங்க கண்ணெல்லாம் எங்க போச்சு? காலைல ஆஸ்பத்திரிக்கு நானும் வர்றேன் கண்ணு."

டெஸ்ஸா துணி துவைக்கும் அறைக்குப் போனாள். உலர்த்தியில் கிடந்த விரிப்பு இன்னும் சூடாக இருந்தது. கொண்டுவந்து மெத்தையில் உதறிப் போட்டாள். யாரும் உதவிக்கு வரவில்லை. வந்திருந்தால் கடித்திருப்பாள். நான்கு மூலைகளையும் இழுத்துச் செருகினாள், ஒரு சுருக்கம் இல்லாமல். பைக்குள் இருந்த இருமல் மிட்டாயைத் தலையணை மேல் வைத்தாள்.

"டார்னெல் பைக்," என்று அடுத்த பேரைக் கூப்பிட்டாள் ரோசலிண்ட்.

"இருக்கேன்."

அவள் நகர்ந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். ஹீட்டர் மறுபடி உறுமத் தொடங்கியது. இழுத்துக் கட்டிய விரிப்பு நடுவில் மெல்ல, மெல்லத் தாழ்ந்தது.