கரும்புள்ளிப் பேராசிரியர்

பேராசிரியருக்குப் புகழ் வந்தது கரும்புள்ளிகளால். சூரிய மின்கலத்துக்காகக் கண்ணாடித் துண்டின் மேல் பூசும் மெல்லிய குறைக்கடத்திப் படலத்தை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அங்கங்கே கறுப்பாகப் புள்ளிகள் தெரியும். மின்சாரத்தைக் குடிப்பவை அவைதான் என்று மூன்று வருடங்களாக மாநாடு மாநாடாகப் பேசிவந்தார். புள்ளிகள் ஒழிந்தபாடில்லை. ஒழிந்துவிட்டால் அடுத்த மாநாட்டில் எதைப் பேசுவதாம்?

பழி மட்டும் ஆய்வகத்தில் படலம் பூசுபவர் தலையில் விழுந்தது. "உங்க கை சுத்தமில்ல" என்பார் பேராசிரியர். பூசுபவர் இரண்டு கையுறை போட்டார். பிறகு மூன்று போட்டார். புள்ளிகள் அசைந்து கொடுக்கவில்லை.

அவற்றைப் படமெடுத்துக் கொடுத்தவள் பூசுபவருடைய மனைவி. மைக்ரோஸ்கோப் அறை அவள் பொறுப்பு. கணவர் காலையில் பூசியதை மனைவி மாலையில் காட்டிக்கொடுப்பாள். வீட்டில் அவர் தட்டைப் பார்த்துத்தான் பேசுவார்.

"இன்னைக்கு எத்தனை?"

"நாப்பத்தொண்ணு."

"நேத்து முப்பத்தெட்டு. நல்ல முன்னேற்றம்தான்."

ஒரு புதன்கிழமை அவள் படத்தைக் கூர்மையாக்கிக்கொண்டிருந்தபோது மாமியார் போன் செய்தார். எலக்ட்ரான் கற்றையை அணைக்காமலே வெளியே வந்து பேசினாள். வாஷிங் மெஷினில் தண்ணீர் வடியவில்லையாம்.

"அவ்வளவு பெரிய மெஷினை ஓட்டுற, இது தெரியாதா உனக்கு?"

"பாக்குறேன் அத்தை. குழாய் அடைச்சிருக்கும்."

விசாரணை இருபது நிமிடம் நடந்தது. திரும்பி வந்து பார்த்தால், கற்றை விழுந்துகொண்டிருந்த இடம் அம்மை போட்டதுபோல் கறுத்துக் கிடந்தது. கற்றை படாத ஓரிடத்துக்கு நகர்ந்து, கற்றையைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து, சட்டென்று ஒரு படம் எடுத்தாள். ஒரு புள்ளிகூட இல்லை. அதே இடத்தில் பழைய அளவில் கற்றையைப் பாய்ச்சினாள். ஒரே நிமிடத்தில் புள்ளிகள் முளைத்தன.

கை அழுக்கு இல்லை. எலக்ட்ரான் சுட்ட தழும்பு. மூன்று வருடமாக அவளே சுட்டு, அவளே எண்ணி, அவளே வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள்.

மாலையில் கணவரிடம் சொன்னாள்.

"அப்ப என் கை சுத்தமாத்தான் இருந்திருக்கு."

"ஆமாங்க. மன்னிச்சிடுங்க."

"அந்தப் படத்தைக் காட்டு."

சுடாமல் எடுத்த படத்தில், படிகங்களுக்கு நடுவே மயிரிழை போல இடைவெளிகள் தெரிந்தன. இத்தனை நாளும் அவற்றை யாரும் தேடவில்லை. எல்லோரும் புள்ளி எண்ணுவதில் மும்முரமாக இருந்தார்கள்.

"இது அவசரமா காய வெச்சதால வந்தது" என்றார் அவர். "சீக்கிரம் வேணும்னு சார்தான் சொன்னாரு."

அடுத்த வாரம் மெல்லக் காய வைத்தார். இடைவெளிகள் மூடின. பதினேழு சதவீதத் திறனில் முரண்டு பிடித்த மின்கலம் பத்தொன்பதைத் தொட்டது.

இருவருமாகப் படங்களைப் பேராசிரியர் மேசையில் வைத்தார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடி பார்த்தார்.

"இதை நான் ஆரம்பத்துலேயே சந்தேகப்பட்டேன்."

"எப்ப சார் சொன்னீங்க?" என்றாள் அவள்.

"வெளியில சொல்லல. உள்ளுக்குள்ள."

அடுத்த மாநாட்டில், கற்றை உண்டாக்கும் போலிப் புள்ளிகளைப் பற்றி உலகை எச்சரித்தார் அவர். இவ்வளவு காலம் எவருமே கவனிக்கவில்லையே என்று வருந்தவும் செய்தார். கைதட்டல் பலமாக இருந்ததாம். கடைசிப் படத்தின் மூலையில், எறும்பு படிக்கும் அளவு எழுத்தில், 'இரு உதவியாளர்களுக்கு நன்றி' என்றிருந்தது.

கைதட்டல் நடந்த அதே நேரத்தில் இங்கே பூசுபவர் புதுப் படலத்தோடு மைக்ரோஸ்கோப் அறைக்கு வந்தார். வழக்கம்போல் வைத்துவிட்டுப் போகவில்லை. நாற்காலியை இழுத்து மனைவி பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"பாத்து, மெதுவா" என்றார்.

அவள் கற்றையை இன்னும் கொஞ்சம் குறைத்தாள்.