மிதந்த பதினொரு பேர்ச்

கிட்ட வந்து இருங்கள் என் கண்ணுகளா, நம்ம கரையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். குச்சவெளியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து சனம் வெளியே வந்தபோது, சுஹைராவின் பதினொரு பேர்ச் காணி, வீடு, முருங்கை, கொடியில் காயும் உடுப்பு எல்லாவற்றோடும் களப்புத் தண்ணீரின் நடுவே மிதந்துகொண்டிருந்தது. அது இருந்த இடத்தில் ஒரு சேற்றுக்குழி. மதியத்துக்குள் நண்டுகள் அதில் குடியேறிவிட்டன. அன்றைக்குச் சூடை மீன் விலை கொஞ்சம் இறங்கியிருந்தது.

காணி ஏன் போனது என்று முனாபுக்குத் தெரியும். ஐஸ் கம்பனிக்கு அவரும் அவருடைய மூத்த சகோதரி பல்கீஸ் ராத்தாவும் பணிப்பாளர்கள். ஒன்பது வருடத்துக்கு முன் ஐஸ் கட்டிகள் சரிந்து, அங்கே வேலை செய்த சுஹைராவின் புருஷன் மவுத்தான ஏழாம் நாள், கம்பனிக்குப் பின்னால் இருந்த காணித் துண்டை அவளுக்கென்று எழுதி, தன் கையெழுத்தை வைத்து, ஊதா மையில் கம்பனி சீல் ஓங்கிக் குத்தினார். "சீலே அடிச்சிட்டன் தங்கச்சி, இனி ஒருத்தராலயும் அசைக்க ஏலாது" என்றார். சீல் இருந்தால் வேறென்ன பார்க்கிறோம் நாம்? அவள் அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டு அலுமாரியில் வைத்தாள். கம்பனி கட்டுப்பட இரண்டு பணிப்பாளரும் ஒப்பமிட வேண்டும், காணியென்றால் உறுதிப் பத்திரம் எழுத நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் வேண்டும் என்பது அன்றைக்கே முனாபுக்குத் தெரியும். ராத்தா ஏசுவா என்று பிறகு சொல்ல நினைத்தார். அந்தப் பிறகு ஒன்பது வருடமானது.

ஹோட்டல் கட்ட ஒருவர் காணி கேட்டு வந்த வியாழக்கிழமை, சுஹைரா கடதாசியோடு வந்து நின்றாள். முனாப் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, "அது ஒத்தக் கையெழுத்துத்தானே. கம்பனியக் கட்டாது" என்றார்.

"சீல் இரிக்கே காக்கா?" என்று அண்ணனைக் கேட்பதுபோல் அது மட்டும் கேட்டாள். ஹோட்டல்காரர் சிரித்தார். மறுநாள் காணி புறப்பட்டுவிட்டது.

ஹோட்டல்காரர் குழியை அளந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். சுஹைரா மிதந்தபடியே சமைத்தாள், தோணிக்காரர் மாவும் சீனியும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். காற்று காணியைக் கரைப்பக்கம் தள்ளும்போது, "காக்கா, சாப்பிட்டீங்களா?" என்று கூப்பிட்டுக் கேட்பாள். குரலில் ஒரு துளி கோபம் இருக்காது. அதைத்தான் முனாபால் தாங்க முடியவில்லை. கம்பனியில் களப்பைப் பார்த்த தன் அறை ஜன்னலை ஆணி அடித்து மூடினார்.

மூன்றாம் மாதம் பஸ் ஏறிக் கிண்ணியாவுக்குப் போய், ராத்தாவின் குசினியில் குந்தி எல்லாவற்றையும் சொன்னார். பல்கீஸ் தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

"எனக்கும் பேனை பிடிக்கத் தெரியும் எண்டு ஒம்பது வருசமா ஞாபகம் வரல்லியா?"

"வெக்கமா இரிக்கி ராத்தா."

"இரிக்கட்டும். எழும்பு."

நொத்தாரிசு இராஜநாயகம் காற்சட்டையை மடித்துக்கொண்டு அவர்களோடு தோணியில் மிதக்கும் காணிக்கு வந்தார். இரண்டு மீனவர்கள் சாட்சி. உடுப்புத் துவைக்கும் கல்லில் உறுதியை விரித்து, "நாலு எல்லையும் தண்ணி எண்டு எழுதவோ?" என்று கேட்டார்.

"பழைய எல்லய எழுதுங்க ஐயா, அது வந்திடும்" என்றாள் பல்கீஸ்.

முதலில் அவள், அடுத்து முனாப், பிறகு சாட்சிகள், கடைசியில் நொத்தாரிசு ஒப்பமிட்டார்கள். மை காயும்போது காணி நகர்ந்து போய்க் குழிக்குள் பொருந்திக்கொண்டது. நண்டுகள் விலகிக்கொண்டன. மிதந்ததில் வீட்டின் முகம் மறுபக்கம் திரும்பிவிட்டது, அவ்வளவுதான். றோட்டைப் பார்த்த வாசல் இப்போது முனாபின் ஜன்னலைப் பார்த்தது. நில அளவையாளர் வந்து அப்படியே படம் கீறிக்கொண்டு போனார்.

முனாப் ஆணியைப் பிடுங்கிவிட்டார். இன்றைக்கும் காலையில் சுஹைரா கதவைத் திறந்து, "காக்கா, தேத்தண்ணி குடிச்சீங்களா?" என்கிறாள். அவர் "ஓம்" என்கிறார், மேசையைப் பார்த்துக்கொண்டு.

உங்கள் வீட்டு வாசல் எந்தப் பக்கம் திரும்பினாலும், எதிரில் நிற்பவரை நிமிர்ந்து பார்க்கக் கூடியதாக இருக்கட்டும், என் கண்ணுகளா.