தேறாத அறை

வெளிச்சம் வர வேண்டுமாம், வெயில் வரக்கூடாதாம். காற்று வர வேண்டுமாம், சூடு வரக்கூடாதாம். முட்டுக்காட்டில் அந்த மனைப் பிரிவில் வீடு கட்டுகிறவர்களுக்கான பசுமை விதிகளை மூன்று பேர் எனக்கு விளக்கினார்கள். மூன்றாவது ஆள் விளக்கிய பிறகு கொஞ்சம் புரிந்திருந்ததும் போய்விட்டது. இருபது வருஷமாக வீடு கட்டுகிறேன், இப்படித் தலை சுற்றியதில்லை.

கட்டியது என் அக்கா மார்கரெட்டின் வீடு. அக்கா புருஷன் ஏசுதாஸ் மாமா படகுத்துறையில் படகு ஓட்டியவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, நினைவும் அவ்வப்போது தடுமாறும். அவர் கேட்டது ஒன்றுதான்: "படுத்துகினே போட் பாக்கணும் ஜெபா." அதற்காகவே கழிமுகத்தைப் பார்த்து, மேற்குச் சுவரில் அகலமாக ஒரு ஜன்னல் வைத்தேன்.

வேலை முடிந்ததும், பசுமைச் சான்று பார்க்கும் ஹம்சினி வந்தாள். சின்னப் பெண், மரியாதையான பெண். மாமாவின் அறையையும் சேர்த்து ஒவ்வொரு அறைச் சுவரிலும் தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டியை ஒட்டினாள். அறைச் சூட்டை ஒரு வாரம் அது பதிந்துகொள்ளுமாம். சான்று வரும்வரை யாரும் குடிவரக் கூடாது என்றாள்.

அந்த வாரம்தான் எங்கள் பாஸ்டருக்கு மாற்றல் வந்தது. போவதற்குள் அவரை வைத்து ஜெபம் செய்து பால் காய்ச்சிவிட வேண்டும் என்று அக்கா பிடிவாதம் பிடித்தாள். சொந்தக்காரர்களைக் கூட்டி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமாவைத் தூக்கிவந்தோம். அவர் கண்ணெதிரே பால் பொங்க வேண்டும் என்று அவர் அறையிலேயே அடுப்பு வைத்தோம். காற்றில் அடுப்பு அணைந்து அணைந்து போனதால் ஜன்னலைச் சாத்தினோம். உள்ளே நிற்க இடமில்லாத கூட்டம், மெழுகுவத்தி, பாட்டு. எல்லோருக்கும் வியர்த்து ஊற்றியது. பால் நன்றாகப் பொங்கியது. சாயங்காலம் மாமாவைத் திரும்ப வாடகை வீட்டுக்குக் கொண்டுபோனோம்.

மறு வாரம் ஹம்சினி பெட்டிகளைக் கழற்றிப் பார்த்து விழித்தாள். வீடு முழுக்கத் தேறிவிட்டது, அந்த அறை மட்டும் தேறவில்லை.

"கணக்குப்படி இவ்வளவு சூடு வரவே கூடாதுண்ணா. இந்த வாரம் யாராவது வந்து தங்கினீங்களா?"

"ஈ காக்கா வர்லமா," என்றேன். குடிவந்ததாக நினைத்துச் சான்றை நிறுத்திவிடுவாளோ என்று பயம்.

அவளும் குழம்பினாள், நானும் குழம்பினேன். கடைசியில் பழி ஜன்னல்மேல் விழுந்தது. மேற்கு வெயில், அகலக் கண்ணாடி, வேறென்ன காரணம் இருக்க முடியும்? வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லி நெருக்கிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலை எடுத்துவிட்டு, மேலே சின்ன வெண்டிலேட்டர் மட்டும் விட்டுச் செங்கல் வைத்து அடைத்தேன். அக்கா அழுதுகொண்டே தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். மறுபடி பெட்டி ஒட்டினார்கள். அறை தேறியது.

மாமா குடிவந்தார். வந்த அன்றைக்குச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தினமும் ஒரே கேள்வி.

"யாரு வூடு ஜெபா இது? நம்ம வூட்டுக்கு எப்போ போறோம்?"

"இதான் மாமா நம்ம வூடு."

"இல்ல. அங்க ஜன்னல் கீது."

பால் காய்ச்சிய அன்று பார்த்த ஜன்னலை மட்டும் அவர் மறக்கவில்லை. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். எனக்கு அந்தச் சுவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

நேற்றுக் காலை பக்கத்து வீட்டுக்கு ஹம்சினி பெட்டியோடு வந்தாள். அது ராமானுஜம் சாரின் புது வீடு. நான் மதில் பக்கம் நின்றிருந்தேன்.

"வர வெள்ளிக்கிழமை இந்த ரூம்லதாம்மா ஹோமம். சொல்லி வெச்சுட்டேன். சான்று வரதுக்கு முன்னாடி பண்ணலாமோ?"

"தாராளமா பண்ணுங்க சார், குடிதான் வரக்கூடாது. அது முடிஞ்சப்புறம் பெட்டிய ஒட்டறேன். நெருப்புச் சூடு, கூட்டத்தோட சூடு எல்லாம் இதுல ஏறிடும். அப்புறம் ரூம் மேல தப்புன்னு ஆயிடும்."

பால் காய்ச்சிய ஞாயிற்றுக்கிழமை, சாத்திய ஜன்னல், அடுப்பு, நிற்க இடமில்லாத கூட்டம். ஜன்னல் ஒரு பாவமும் செய்யவில்லை.

ஹம்சினி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அண்ணா, அந்த ரூம் இப்போ நல்லா இருக்கா?"

தலையை எப்படி ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. உள்ளே போனேன். மாமா சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

"நம்ம வூட்டுக்கு எப்போ போறோம் ஜெபா?"

சான்று என்ன ஆகும், விதி என்ன சொல்லும் என்று எதுவும் எனக்குத் தெளிவாகவில்லை.

"இன்னிக்கே போலாம் மாமா," என்று சொல்லிவிட்டுச் சுத்தியலைத் தேடினேன்.