லைன் தண்ணி வீடு

மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முந்தின நாள் ஸாலிஹா தன் வீட்டு டாங்கியில் கிடந்த தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் திறந்துவிட்டாள். பிறகு தண்ணீர் பவுசர் லொறி ஓட்டும் அர்ஷாக்கைக் கூப்பிட்டு நல்ல தண்ணீரால் டாங்கியை நிரப்பினாள். அர்ஷாக் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. கிண்ணியாவில் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீடு பார்க்க வருகிறார்கள் என்று பிறந்த பிள்ளைக்கும் தெரியும். கலியாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை வந்து குடியிருக்கப்போவது பெண் வீட்டில்தானே.

வீட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. புருஷன் மௌத்தான பிறகு ஏழு வருஷம் சவூதியில் அடுத்தவர் குசினியில் நின்று ஸாலிஹா கட்டிய வீடு அது. தண்ணீர்தான் அவள் மானத்தை வாங்கியது. நல்ல தண்ணீர் வரும் அரசாங்கக் குழாய் லைன் அந்த ஒழுங்கையின் நாலாவது வீட்டோடு நின்றுவிட்டது. இவளுடையது ஏழாவது. குழாய்க்கிணறு அடித்து, மோட்டார் வைத்து, டாங்கிக்கு ஏற்றி, பைப்பில் விட்டிருந்தாள். அந்தத் தண்ணீரில் பருப்பு அவியாது. கேத்தலுக்குள் சுண்ணாம்பு ஓடு கட்டும். குடிக்கவும் சமைக்கவும் பள்ளிவாசலில் தண்ணீர் சுத்திகரிக்கும் பில்டரில் கானில் பிடித்துத்தான் தூக்கிவர வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் பெண் பார்க்க வந்த ஒரு கூட்டத்தில் ஒருத்தி கை கழுவப் போனாள். சவர்க்காரம் திரைந்த பால் மாதிரித் திட்டுத் திட்டாய்க் கையில் ஒட்டியது. அவள் திரும்பி வந்து மற்றவளின் காதில் ஏதோ சொன்னாள். அந்தக் கூட்டம் போனதுதான், பிறகு வரவேயில்லை. மகள் நப்லாவுக்கு இப்போது இருபத்தொன்பது வயது.

அதனால்தான் இந்தத் தடவை தரகரிடம் ஸாலிஹா வாய் கூசாமல் சொன்னாள்: "எங்கட வீடு லைன் தண்ணி வீடு எண்டு சொல்லுங்க."

மாப்பிள்ளை முனீபின் உம்மா சுஹைரா, உள்ளே தள்ளி இருக்கும் வயலோரக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவள். தரைக்குப் பதித்த மாபிளையும் பார்க்கவில்லை, தேக்கு அலுமாரியையும் பார்க்கவில்லை. நேரே பேசினுக்குப் போய்ச் சவர்க்காரம் கேட்டாள். முழங்கை வரை நுரை ஏறியது. ஒரு கிளாஸ் தண்ணீர் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் குடித்தாள். இன்னொன்று கேட்டும் குடித்தாள்.

"எங்களுக்குப் புடிச்சிட்டு மதினி. காசு, நகை ஒண்டும் வேணா," என்றாள்.

ஸாலிஹாவுக்குத் தலை கால் புரியவில்லை. மகளின் அழகுக்குத்தான் ஐந்து சதம் கேட்காமல் எடுக்கிறார்கள் என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தாள். ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் உண்மை தெரியும். ஆனால் ஒரு குமரின் கலியாணத்தைக் குழப்பின பாவம் யாருக்கு வேண்டும்? எல்லோரும் வாயை மூடிக்கொண்டு வந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

நிக்காஹ் முடிந்து பத்தாம் நாள் வாசலில் ஒரு வான் வந்து நின்றது. சுஹைரா முதலில் இறங்கினாள். பின்னால் முனீபின் வாப்பா அபூதாஹிர், கால் வீங்கி, முகம் ஊதி, மருந்துப் பையை நெஞ்சோடு அணைத்தபடி இறங்கினார். அவருடைய தலையணையும் கூடவே வந்தது.

"இவருக்குக் கிட்னி வருத்தம் மதினி," என்றாள் சுஹைரா. "எங்கட ஊர்த் தண்ணிய நிப்பாட்டி வேற நல்ல தண்ணி குடிக்கச் சொல்லி டொக்டர் சொல்லிட்டார். மூணு எடத்துல பொண்ணு பாத்தம். எல்லா வீட்டிலயும் எங்கட ஊர்த் தண்ணி மாதிரித்தான். உங்கட தண்ணிக்காகத்தான் இந்தச் சம்பந்தம் செஞ்ச. நீங்க சீதனமாத் தந்த அதுதானே."

ஸாலிஹா கையை நீட்டித் தலையணையை வாங்கினாள். அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். கால் மணி நேரம் அவமானப்பட்டால் முடிந்திருக்கும். அண்ணன் முறை வைத்து அவள் சொன்னது, "உள்ளுக்கு வாங்க நானா," என்பது மட்டும்தான். சுஹைரா அன்றைக்கே வயலையும் மாட்டையும் பார்க்க ஊருக்குத் திரும்பிவிட்டாள்.

குசினியில் நப்லா தாயின் கையைப் பிடித்தாள். "உம்மா, நான் அவருக்கிட்டச் சொல்லிர்றன்."

"சொல்லு. சொல்லிப்போட்டு நாளைக்கு இருந்து தனியப் படு."

நப்லா கையை விட்டுவிட்டாள்.

முனீப் சீனன்குடாவில் லொறி ஓட்டுகிறவன். விடியப் போனால் இருட்டித்தான் வருவான். ஒரு தடவை மட்டும், "மாமி, தண்ணி ஒரு மாதிரி இரிக்கே?" என்று கேட்டான். டாங்கி கழுவவில்லை மருமகன் என்று சொன்னாள். புது மாப்பிள்ளை, மாமி சொன்னதை நம்பினான்.

கிழவர் விஷயத்தில் ஸாலிஹாவுக்கு ஆரம்பத்தில் மனச்சாட்சி இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். விடியற்காலை சுபஹுத் தொழுகையோடு பள்ளிவாசல் பில்டருக்குப் போய், ஐந்து லீட்டர் கானை மரக்கறிப் பைக்குள் மறைத்துக்கொண்டு வருவாள். அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்து, அவருடைய போத்தலை மட்டும் அதில் நிரப்புவாள். பொய் வெளிக்காமல் இருக்க, மற்றவர்கள் பைப்பிலேயே குடித்தார்கள். ஒன்றரை மாதம் இப்படிப் போனது. அபூதாஹிரின் கால் வீக்கம் கொஞ்சம் வற்றியது. "உங்கட தண்ணி மருந்து தங்கச்சி," என்பார்.

பிறகு பில்டர் பழுதாகி எட்டு நாள் பூட்டிக் கிடந்தது. முதல் நாள் அவருடைய போத்தலைப் பைப்புக்குக் கீழே பிடித்தபோது ஸாலிஹா குசினிக் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டாம் நாள் பாதிதான் சாத்தினாள். நாலாம் நாள் பக்கத்து வீட்டுக்காரியோடு கதைத்துக்கொண்டே நிரப்பினாள். எட்டு நாளில் கிழவருக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டில் எல்லோரும் இதைத்தானே குடிக்கிறோம், நாங்கள் என்ன செத்தா போனோம் என்று அவளுக்குத் தோன்றியது. பில்டர் திறந்த பிறகும் அவள் போகவில்லை. முழங்கால் நோகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முழங்கால் உண்மையிலேயே நொந்ததுதான்.

மாதம் ஒரு தடவை வரும் கிளினிக் நாளில் மட்டும் கான் தூக்கினாள். அன்றைக்குச் சுஹைரா வருவாள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் திரும்பிவந்து தேத்தண்ணி குடிப்பாள். சுஹைராவின் தேத்தண்ணிக்கும் கை கழுவும் வாளிக்கும் பில்டர் தண்ணீர். நோயாளிக்கு இல்லாத தண்ணீர், நோயாளியின் பெண்சாதி கை கழுவ இருந்தது. இதற்கு மேல் அவளைப் பற்றி நான் என்ன சொல்ல?

நாலாவது கிளினிக்கிலிருந்து சுஹைரா ரிப்போட்டை மடித்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். முகம் செத்திருந்தது.

"வருத்தம் கூடிட்டாம் மதினி. இப்பிடியே போனா ரெத்தம் மாத்துற மெசினுக்குப் போகணுமாம். டொக்டர் கேக்கார், ஒழுங்காத் தண்ணி குடிக்கிறாரா எண்டு. இவர் குடிக்கிறல்ல. என்னத்துக்கு நான் இவரைக் கொண்டந்து இஞ்ச வச்ச?"

ஸாலிஹா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள். செக்கச் சிவந்து, தெளிந்து, பைப் தண்ணீரில் கட்டும் ஆடை மேலே இல்லாத தேத்தண்ணி. கதிரையில் சாய்ந்திருந்த அபூதாஹிர் அதை நெடுநேரம் பார்த்தார்.

"தங்கச்சி," என்றார் மெதுவாக. "வந்த புதுசுல தந்தீங்களே ஒரு தண்ணி. இந்தத் தேத்தண்ணிக்கு ஊத்தின தண்ணி. அதுல எனக்கு ஒரு கிளாஸ் தருவீங்களா? இப்ப தாறது எங்கட ஊர்த் தண்ணி மாதிரி இரிக்கி. தொண்டையால எறங்குதில்ல."

நப்லா அறை வாசலில் வந்து நின்றாள். தாயையே பார்த்தாள்.

"நோயாளிட வாய்க்கு எல்லாம் கைக்கும்," என்று சுஹைரா அழுகையும் கோபமுமாய் எழுந்தாள். "ஒரே பைப்பு, ஒரே தண்ணி. அப்பிடித்தானே மதினி?"

ஸாலிஹா வாயைத் திறந்தாள். அரிசி டின்னுக்குப் பின்னால் அரைக் கான் இன்னும் மிச்சம் இருந்தது.

"ஓம் மதினி. ஒரே தண்ணிதான்."

சுஹைரா குசினிக்குப் போய்ப் பைப்பைத் திறந்து ஜக்கை விளிம்பு வரை நிரப்பிக்கொண்டு வந்தாள். புருஷனின் தலையை ஒரு கையால் தாங்கி, மறு கையால் கிளாஸை அவர் உதட்டில் வைத்தாள். "எனக்காகக் குடிங்க," என்றாள். அபூதாஹிர் கிளாஸுக்கு மேலாக ஸாலிஹாவைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பது அவளுக்கும் விளங்கியது.

ஸாலிஹா முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் வந்தாள்.

"குடிங்க நானா," என்றாள்.

அவர் வாசலில் நின்ற மருமகளை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குடித்தார். சுஹைரா அடுத்த கிளாஸை ஊற்றினாள்.