கால் நொடி பிந்திய வசனம்

அனிற்றாவுக்கு விளங்காத விஷயம் ஒன்றே ஒன்றுதான். ஒரு தமிழ்ப் படத்துக்கு, திரையின் அடியில் ஓடும் சிங்கள வசன வரிகளை முதலிலிருந்து முடிவுவரை எழுதியவள் அவள். ஆனால் பார்த்தவர்களோ, இடைவேளை வரைக்கும் மனிதர் எழுதியது, அதற்குப் பிறகு ஏஐ எழுதியது என்று அடித்துச் சொன்னார்கள். ஒருவர் இருவர் என்றால் வெட்டிப் பேச்சு என்று விட்டுவிடலாம். ஒருவரையொருவர் முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கானோர் எப்படி ஒரே இடத்தில் கோடு கிழித்தார்கள்?

இலங்கையில் தெரணியகலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் அவளுக்கு வேலை. தாய்மார் கொழுந்துக்குப் போனதும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மத்தியானம் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் போனை எடுத்து வரி எழுதுவாள். பஸ்ஸிலும் சந்தையிலும் பள்ளிக்கூட வேலிக்கு அந்தப் பக்கத்திலும் கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொண்ட சிங்களம் அது. கேகாலையில் கணினிக் கடை வைத்திருக்கும் ஸியாம், முகநூலில் தான் நடத்தும் பக்கத்தில் அந்த வரிகளை வெளியிடுவார். படம் முடிந்து திரை கறுத்ததும், ‘சிங்கள வரிகள்: அனிற்றா சாள்ஸ்’ என்று வரும். செக்ரோல் என்ற தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டுக்கு வெளியே அவள் பெயர் எழுத்தில் இருந்தது அந்த ஓர் இடத்தில்தான்.

அந்தப் பக்கத்தில் சில மாதங்களாகவே சண்டை. ‘இனிப் படத்தையே ஏஐ எடுக்கப்போகிறது, வரிக்காக ஒரு வாரம் காத்திருக்க எங்களுக்கு என்ன பைத்தியமா?’ என்றது ஒரு கூட்டம். ‘மனிதர் தொடாததை நாங்கள் பார்க்கமாட்டோம்’ என்றது மற்றக் கூட்டம். இரண்டாவது கூட்டத்தின் சத்தமே பெரிதாக இருந்ததால், ஸியாம் பக்கத்தின் உச்சியில் ‘மனிதக் கை மட்டும்’ என்று எழுதிவைத்தார். அன்று முதல் அந்தக் கூட்டம் ஒவ்வொரு படத்திலும் இயந்திரத்தைத் தேடத் தொடங்கியது. இந்தப் படத்தில் அகப்பட்டது அனிற்றா.

“தங்கச்சி, நான் ஒங்கள நம்புறேன்,” என்று ஸியாமின் குரல் வாட்ஸ்அப்பில் வந்தது. “ஆனா இவனுகள் விடுறானுகள் இல்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு விளக்கம் தாங்க. இல்லாட்டி பைலையும் எடுக்கணும், பேரையும் எடுக்கணும்.”

நான்தான் எழுதினேன், தோட்டத்தில் வேலை செய்கிறேன் என்று அவளே பக்கத்தில் போட்டாள். ‘தோட்டத்துப் பெண் இவ்வளவு சிங்களம் எழுதுவாளா? பொய்யாவது பொருந்தச் சொல்லுங்கள்’ என்று ஒருவர் பதில் எழுதினார். அதற்குக் கீழே சிரிக்கும் முகங்கள் வரிசையாக நின்றன.

கணவன் சாள்ஸ் த்ரீவீலர் ஓட்டுகிறவன். “நம்ம லயத்து வீட்டுல ஏஐ குடியிருக்குன்னு யாருமே சொல்லலயே,” என்றான். “தெரிஞ்சிருந்தா தண்ணி எடுத்தாரச் சொல்லிருப்பேன்.”

“சும்மா இருங்க. எனக்கு இது விளங்கணும்.”

இரண்டு பாதியின் வரிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். இரண்டு பாதியிலும் அதே சொற்கள், அதே நடை. அப்படியானால் வித்தியாசம் எழுத்தில் இல்லை, எழுதிய விதத்தில் இருக்க வேண்டும். போனின் ஸ்பீக்கர் பழுது. அதனால் முதல் பாதியை வீட்டில், சாள்ஸின் வண்டியில் இருந்த வயரில்லாத புளூடூத் ஸ்பீக்கரில் கேட்டுச் செய்தாள். மறுபாதியைப் பிள்ளைக் காம்பராவில், பிள்ளைகள் விழிக்காமல் இருக்க, வயர் வைத்த இயர்போனில்.

படத்தில் ஒருவன் விறகு கொத்தும் இடத்தை எடுத்தாள். இயர்போனில் கோடரி விழுவதும் சத்தமும் ஒன்றாக வந்தன. ஸ்பீக்கரில் கோடரி முதலில் விழுந்தது, சத்தம் பிறகு வந்தது.

“இங்க பாருங்க, இங்க பாருங்க!” என்று சாள்ஸை இழுத்து உட்காரவைத்தாள். “வயர் இல்லாட்டி, போன் சத்தத்த மடிச்சுக் கட்டி அனுப்பணும். ஸ்பீக்கர் அத அவுக்கணும். அதுக்குக் கால் நொடி போகுது. நான் சத்தம் கேட்டதும்தான் திரையத் தொடுவேன், அப்பத்தான் வரி வரும். அப்ப மொதப் பாதி பூராவும் வரி பிந்தித்தான் வருது. மத்தப் பாதி வாய் தொறக்கறப்பவே வருது.”

“பிந்தி வந்தா மனுசன் எழுதினதா?”

கேட்ட சாள்ஸே யோசித்துச் சொன்னான்: “ஆஸ்பத்திரில டொக்டர் சிங்களத்துல சொல்றத எங்கம்மாக்கு நீ தமிழ்ல சொல்லுவ தானே. ஒடனே சொல்லமாட்ட. ஒரு மூச்சு விட்டுட்டுத்தான் சொல்லுவ.”

அனிற்றாவுக்கு இப்போது விளங்கியது. மொழிபெயர்த்துச் சொல்கிறவர் காதில் வாங்கி, விளங்கி, சொல்வதற்கு அந்த மூச்சு வேண்டும். அது இல்லாத இடத்தில் ஆள் இல்லை என்று பார்க்கிறவர்களின் மனம் தானாகவே முடிவு கட்டியிருக்கிறது. அவள் பிழையின்றிச் செய்த பாதிதான் அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லியிருக்கிறது. ஆனாலும் காரணம் அகப்பட்டதில் அவளுக்குச் சந்தோஷம். கோடரி, ஸ்பீக்கர், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஸியாமுக்குப் பேசி அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஸியாம் அழைத்தார். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் வாசலுக்கு வந்து பேசினாள்.

“தங்கச்சி, நீங்க சயன்டிஸ்ட்! அதே பைல்தான். மத்தப் பாதிய மட்டும் கால் நொடி பிந்தப் போட்டு, திருத்தினதுன்டு சொன்னேன். ஒருத்தனும் வாய் தொறக்கல்ல.”

“அப்ப பேரு இருக்குதானேங்க?”

“பேரு இருக்கு, இருக்கு.” குரல் கொஞ்சம் தயங்கியது. “புதுப் படம் ஒன்டு வந்திச்சு. அவசரத்துக்கு ஏஐக்கிட்ட குடுத்துப் பாத்தேன். மொத்தத்தையும் கால் நொடி தள்ளி, ஒங்கட பேரப் போட்டு நேத்து விட்டேன். என்னா பாராட்டு தெரியுமா? ‘இதுதான் மனிதக் கை’ன்டு எழுதிருக்கானுகள்.”

“அத நான் எழுதலயேங்க.”

“எழுதத் தேவயில்லயே. ஒங்களுக்கும் லேசுதானே? பேரு மட்டும் எப்பவும் ஒங்கடதான்.”

“நான் எழுதித் தாறேங்க. ஒரு வாரம் குடுங்க.”

“எதுக்கு தங்கச்சி?” என்றார் ஸியாம். அவர் உண்மையாகவே கேட்டார். அடுத்த நொடியே இன்னோர் அழைப்பு வருவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

அந்தப் படத்தை அவள் திறந்து பார்த்தாள். அழுகிற ஒருத்தியின் பேச்சை ஏஐ, செய்தி வாசிக்கிற சிங்களத்தில் எழுதியிருந்தது. ஆனால் ஒவ்வொரு வரியும் ஒரு மூச்சு விட்டே வந்தது. கடைசியில் திரை கறுத்து, அவள் பெயர் வந்தது. கீழே நன்றி சொல்லியிருந்தவர்களில், தோட்டத்துப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தவரும் இருந்தார்.

அதன்பிறகு வந்த படங்களுக்கும் அதே முறைதான். இயந்திரம் எழுதிய வரிகளை மொத்தமாகக் கால் நொடி பிந்தத் தள்ளி, முடிவில் அனிற்றாவின் பெயரைப் போட்டால் போதும். யார் எழுதியது என்று ஒருவரும் கேட்பதில்லை.