அழுத்தக்கூடாத பொத்தான்

செம்மேட்டில் சுகுணா நடத்திய பிரவுசிங் சென்டரில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதுவும் கீழே ஊர்ப்பக்கம் யாரோ கழித்துக் கட்டியது. மழை வந்தால் போன் லைன் செத்துவிடும், வெயில் வந்தால் கம்ப்யூட்டருக்கே மூச்சு வாங்கும். இந்த லட்சணத்தில் அதில் இருந்த பிரவுசர் நெட்ஸ்கேப் நாலு. புதுசு போட்டால் இந்த மெஷின் தாங்காது என்று சர்வீஸ்காரர் கையை விரித்துவிட்டார்.

ஆனாலும் 2002ஆம் வருடத்து மிளகுப் பருவத்தில் கொல்லிமலையிலேயே அதிக மரியாதை அந்தப் பெட்டிக்குத்தான். சேந்தமங்கலத்து மிளகு வியாபாரி அமீர் பாஷாவின் மகன் ஆதில், கடைக்கு ஒரு வெப்சைட் போட்டு அன்றாட விலையை ஏற்றிக்கொண்டிருந்தான். சுகுணா காலையில் அதைத் திறந்து பார்த்து, வாசல் பலகையில் சாக்பீஸால் எழுதி வைப்பாள். அதைப் பார்த்த பிறகுதான் ஆட்கள் மூட்டையை அவிழ்ப்பார்கள். போனில் கேட்டால் ஆளுக்கொரு விலை சொல்லலாம். கொச்சிக்காரரும் பெங்களூர்க்காரரும் பார்க்கிற பக்கத்தில் மலைக்காரருக்கு மட்டும் தனி விலை எழுத முடியாதல்லவா.

மாசி மாதம் ஒருநாள் அந்தப் பக்கத்தின் உச்சியில் சிவப்பு எழுத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. அடுத்த மாதம் முதல் தளம் புதிதாகிறது, பழைய பிரவுசர்களில் தெரியாது. பறிப்பு மும்முரமாக நடக்கும் நேரம் பார்த்தா விலையை மறைக்க வேண்டும்? விலை தெரியாத ஆளிடம் மிளகு வாங்குவது எந்த வியாபாரிக்குக் கசக்கும்? கம்ப்யூட்டரைச் சாக்கு வைத்து நன்றாகத்தான் திட்டம் போட்டிருக்கிறார்கள் என்று சுகுணா முடிவே கட்டிவிட்டாள். வாசலூர்பட்டி அத்தாயியிடம் அப்படியே சொல்லவும் சொன்னாள். போன வருடம் கண்ணை மூடிக்கொண்டு ஜீப்பில் வந்த தரகரிடம் மிளகைக் கொடுத்துவிட்டு, உண்மை விலை தெரிந்த பிறகு சோறு இறங்காமல் கிடந்தவர் அத்தாயி.

"நீ போயி நேருல கேளு கண்ணு. படிச்ச புள்ள, உன்னைய ஏமாத்த முடியாது" என்றார் அவர்.

அந்த வார்த்தையின் தெம்பில் சுகுணா மறுநாளே பஸ் ஏறினாள். கொண்டை ஊசி வளைவுகளில் குடல் வாய்க்கு வந்ததும் கோபத்துக்குக் கூடுதல் காரணமாயிற்று.

கடையில் ஆதில் அவளை உட்காரச் சொல்லி, மானிட்டரை அவள் பக்கம் திருப்பினான்.

"பாருங்க, பழைய பிரவுசர்ல வர்றது தினமும் ஒரே ஒரு ஆளு. அதுக்காக ஒவ்வொரு பக்கத்தையும் ரெண்டு தடவை எழுதிட்டு இருக்கேன்."

"பொய்யிங்க. சந்தைக் கூட்டமே பாக்குது."

"கூட்டம் பாக்கறது உங்க பலகையைங்க. இந்தப் பக்கத்தைத் திறக்கறது நீங்க ஒருத்தர்தான்."

சுகுணாவுக்கு விட மனமில்லை. "சரிங்க. நிறுத்தறதுக்கு முன்னால எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"தை மாசம் பூரா கேட்டேனுங்களே" என்றான் ஆதில், உண்மையாகவே ஆச்சரியப்பட்டு. "எந்தப் பிரவுசர்ல பாக்கறீங்க, பேரும் ஊரும் போட்டு பொத்தானை அழுத்துங்கன்னு. கொச்சியிலிருந்துகூட பதில் வந்துச்சு. மலையிலிருந்து ஒண்ணுகூட இல்ல. உங்களுக்கு வேண்டாம் போலன்னு நினைச்சுட்டேன்."

அந்தப் பொத்தானை அவளுக்கு நன்றாகத் தெரியும். பேரும் ஊரும் கேட்டதைப் பார்த்ததும் அன்றைக்கே அவளுக்குப் பகீரென்றது. பேரும் ஊரும் சொல்லிக் கைநாட்டு வைத்து, பிறகு காடு தோட்டத்தை இழந்தவர் மலையில் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார். யாருக்கு விலை தெரியும் என்று வியாபாரி ஏன் குறித்து வைக்க வேண்டும்? தானும் அழுத்தவில்லை, வந்தவர்களையும் அழுத்த விடவில்லை. "அதத் தொட்டீங்கன்னா அவ்வளவுதான்" என்று வாசலில் நின்று ஊரையே மிரட்டி வைத்திருந்தாள்.

"எனக்காகப் பழசையும் வெச்சுக்கங்க" என்றாள், குரல் இறங்கி.

கல்லாவில் இருந்த அமீர் பாஷா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஒருத்தர் சொன்னா ஒருத்தருக்குத்தாம்மா. வேணுங்கறவங்க அவங்களே பேரும் ஊரும் போட்டுக் கேக்கட்டும். வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்தப் பொத்தானை வெச்சுப் பாக்கறோம்."

நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாக இருந்ததே அவளுக்குக் கொஞ்சம் சந்தேகமாகவும் இருந்தது. வேறு வழியில்லாமல் மலையேறினாள்.

மறுநாள் சந்தை. விலைக்குக் கீழே கொட்டை எழுத்தில், உள்ளே வந்து பெயரும் ஊரும் கொடுத்தால்தான் இனி விலை தெரியும் என்று எழுதினாள். படித்தவர்கள் படிக்காதவர்களுக்குச் சொன்னார்கள். ஒருவரும் படியேறவில்லை. அவர்களுடைய பெயர்களைத் தானே அடித்துவிட்டால் என்ன என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஆளுக்குத் தெரியாத காகிதத்தில் ஆள் பேரைப் போட்டுத்தானே அந்தக் காடெல்லாம் போயிற்று. கை நகரவில்லை.

அத்தாயியைக் கையோடு கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்து, நடந்ததை எல்லாம் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். மவுஸைக் காட்டியதும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"நீதான கண்ணு தொடாதீங்கன்ன?"

"தெரியாம சொல்லிட்டனுங்க்கா."

"அன்னைக்கு அவ்வளவு தெளிவாச் சொன்னயே." அத்தாயி அவள் முகத்தையே பார்த்தார். "நேத்து கீழ போன. அவங்க கடையில ரொம்ப நேரம் உக்காந்திருந்தியாமா. இன்னைக்கு பேச்சு மாறிருச்சு. அங்க உனக்கு என்ன குடுத்தாங்க கண்ணு?"

கோபமே இல்லாமல், தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டார். வேறு யாராவது இப்படிக் கீழே போய்வந்து பேச்சை மாற்றியிருந்தால், இதே கேள்வியைச் சுகுணாவே வாசலில் நின்று இன்னும் சத்தமாகக் கேட்டிருப்பாள்.

அத்தாயி எழுந்தார். பலகையிலிருந்த விலையை இன்னொரு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டு சந்தைக்கு நடந்தார். அடுத்து வந்தவர் படிக்குக் கீழேயே நின்றுகொண்டார்.

"வெல மட்டும் சொல்லுங்க, போதும்."