குழலியின் கைராசி

பிள்ளையார்பாளையத்து நெசவாளர் சங்கம் ஒன்றுக்குக் கணக்கு மெஷின் வந்து இறங்கிய அன்று, அந்தச் சங்கத்தின் செகரெட்டரி கலியாணசுந்தரத்துக்குத் தலைகால் புரியவில்லை. குதிரை வண்டியிலிருந்து அதை இறக்கும்போது, பிறந்த குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். வண்டிக்காரன் சிரித்ததை அவர் கவனிக்கவில்லை.

மெட்ராஸில் ஏதோ ஒரு கம்பெனி போதும் போதும் என்று ஓட்டிவிட்டுக் கழித்துக்கட்டிய மெஷின் அது. சீமைச் சரக்கு. மேலே வரிசை வரிசையாக எண் பொத்தான்கள், வலப்பக்கம் ஒரு கைப்பிடி. எண்ணை அழுத்திக் கைப்பிடியை முன்பக்கம் சுற்றினால் கூட்டும், பின்பக்கம் சுற்றினால் கழிக்கும். எந்தத் தறிக்கு எவ்வளவு பட்டு போனது, எவ்வளவு ஜரிகை போனது, புடவையாக எவ்வளவு எடை திரும்பி வந்தது என்று குமாஸ்தாக்கள் மாதம் பூராவும் மண்டையை உடைத்துக்கொண்ட வேலையை இது காபி ஆறுவதற்குள் முடித்துவிடும் என்று கமிட்டியில் பேசிப் பேசியே தொண்டை கட்டிப்போனவர் அவர். "பட்டு நெய்யற ஊருக்கு சீம மெஷின் எதுக்குய்யா?" என்று தலைவர் பரசுராமன் கடைசிவரை முனகிக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டார். ஆகவே அந்த மெஷின் ஓடினால் கலியாணசுந்தரம் மனிதர். நின்றால் ஊருக்கே கேலிப்பொருள்.

அதை ஓட்டக் கிடைத்தவள் ஏலவார்குழலி. நெசவாளி வேலாயுதத்தின் மூத்த மகள், எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். தறிப்பாவில் அறுந்த இழையைச் சின்ன வயசிலிருந்து பிணைத்துப் பிணைத்துப் பழகிய விரல் அவளுக்கு. மெஷினோடு வந்த ஆள் ஒருமுறை சொல்லிக் காட்டினான், இரண்டாம் முறை சொல்ல அவள் விடவில்லை. பத்தே நாளில் பொத்தானைப் பார்க்காமலே அழுத்தினாள். கணக்குச் சரியாக வந்து நிற்கும்போது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். வேலை செய்கிற இடத்தில் யாராவது அப்படிச் சிரித்து அந்தச் சங்கத்தில் யாரும் பார்த்ததில்லை.

வேலை தற்காலிகம்தான். தை மாதக் கமிட்டியில் நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. அந்தத் தை மாதத்தை நம்பித்தான் குழலி இருந்தாள். ஏனென்றால் ஆரணியில் துரைக்கண்ணு என்று அவளுக்கு மாமன் முறையில் ஒருவன் இருந்தான். பெண்டாட்டி செத்துப்போய், இரண்டு பிள்ளைகளோடு, இவள் வயசுக்கு இரட்டை வயசில் பெண் கேட்டுக்கொண்டிருந்தான். "வேல நெலச்சிதுன்னா நான் கலியாணப் பேச்சே எடுக்க மாட்டேன் செகரெட்டரி. இல்லன்னா எத்தினி நாளைக்கு வெச்சிக்கினு இருக்கறது?" என்று வேலாயுதம் ஒருநாள் வழியில் நிறுத்திச் சொன்னார். "நான் இருக்கறேம்பா, நீ ஏன் கவலப்படறே?" என்று அவர் தோளில் தட்டிக் கொடுத்தார் கலியாணசுந்தரம். மனசாரத்தான் சொன்னார்.

தறிக்குப் பொட்டு வைக்காத வெள்ளிக்கிழமை அந்தப் பேட்டையில் கிடையாது. சோறு போடுகிற சாமான் எதுவானாலும் அதற்கு ஒரு பொட்டு உண்டு. மெஷின் மட்டும் என்ன பாவம் செய்தது? வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு கலியாணசுந்தரம் வீட்டில் அரைத்த சந்தனத்தை நீர்க்கக் குழைத்துக் கொண்டுவருவார். காமாட்சியம்மன் கோவில் குங்குமம் மடியில் இருக்கும். ஒரு பொட்டோடு நிற்கிற மனுஷரா அவர்? ஒவ்வொரு பொத்தான் வரிசைக்கும் தலைமாட்டில் ஒன்று, கைப்பிடி உள்ளே போகிற இடத்தில் பெரிதாக ஒன்று. கற்பூரம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு விளக்கை அணைத்துவிட்டுப் போவார்.

ஐப்பசி மழை பிடித்ததும் மெஷின் மக்கர் செய்ய ஆரம்பித்தது. குழலி சுற்றிக்கொண்டே இருப்பாள். கைப்பிடி பாதியில் நின்றுவிடும். முன்னேயும் போகாது, பின்னேயும் வராது. போட்ட கணக்கெல்லாம் அப்படியே அந்தரத்தில் நிற்கும். அவள் காதை மெஷினோடு வைத்து, கைப்பிடியை மெள்ள மெள்ளப் பின்னுக்குத் தட்டி எப்படியோ விடுவிப்பாள். விடுவித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

கலியாணசுந்தரம் அவருக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் பார்த்தார். சுவர் ஓதம் என்று மேஜையை நடு அறைக்கு இழுத்தார். தையல் மெஷின் எண்ணெய் வாங்கிவந்து உள்ளே விட்டார். தூசி என்று சொல்லி வாயால் ஊதிப் பார்த்தார், சைக்கிள் பம்பால் காற்றடித்துப் பார்த்தார். மேஜை ஆடுகிறதென்று காலுக்கு அட்டை மடித்து வைத்தார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் ஓடும், பிறகு நிற்கும். மெட்ராஸுக்கு எழுதிப் போட்டதற்கு, மெக்கானிக் பொங்கல் கழித்துத்தான் வர முடியும் என்று பதில் வந்தது.

ஒரு சனிக்கிழமை காலையில் அவர் உள்ளே நுழைந்தபோது குழலி ஈரத்துணியை விரலில் சுற்றிக்கொண்டு பொத்தான்களுக்கு நடுவே துடைத்துக்கொண்டிருந்தாள். துணி சிவந்திருந்தது.

"என்னம்மா பண்ணிக்கினு இருக்கே?"

"பொட்டு ஈரமா இருக்குது சார். சந்துல எறங்குது. அதான்..."

"வெள்ளிக்கெழம வெச்ச பொட்ட அழிக்கிறியா? கன்னிப் பொண்ணு, உன் கையால குங்குமத்த அழிக்கலாமா? உங்க வீட்டுல இதெல்லாம் சொல்லிக் குடுக்கலியா?"

குமாஸ்தாக்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குழலிக்குக் காது மடல்வரை சிவந்துவிட்டது. "தப்புதான் சார்" என்றாள். துணியை அலசிப் பிழிந்து கொடியில் போட்டாள். அதற்குப் பிறகு அவள் பொட்டுப் பக்கம் விரலைக் கொண்டுபோகவே இல்லை. நல்ல புத்தி சொன்னோம் என்ற திருப்தியோடு கலியாணசுந்தரம் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அந்த மனுஷருக்குக் காது இருந்தது. கேட்கத்தான் தெரியவில்லை.

போகப் போக அவருக்கு ஒன்று பிடிபட்டது. மற்ற நாட்களைவிடச் சனிக்கிழமைதான் மெஷின் அதிகமாக நின்றது. யோசித்து யோசித்து, சனி பகவான் பார்வைதான் என்ற முடிவுக்கு வந்தார். பரிகாரமாக வெள்ளிக்கிழமைப் பொட்டை இரட்டிப்பாக்கினார். எலுமிச்சம்பழம் அறுத்துக் குங்குமத்தில் புரட்டி மெஷின்மேலேயே வைத்தார். சனிக்கிழமை அது அசையவே இல்லை. தோஷம் கடுமையானது என்று அவர் வீட்டில் சொல்லி வருத்தப்பட்டார்.

தை பிறந்து கமிட்டி கூடியது. பரசுராமன் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, "எங்க, உங்க அதிசயத்த ஓட்டிக் காட்டுங்க பாப்போம்" என்றார். குழலி புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். எண்ணை அழுத்தினாள், சுற்றினாள். இரண்டாவது சுற்றில் கைப்பிடி நின்றுவிட்டது. அவள் காதை வைத்துக் கேட்டாள், மெள்ளத் தட்டினாள். அசையவில்லை. அறையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"இதுக்குத்தானா செகரெட்டரி இத்தினி பாடு படுத்தினீங்க?" என்றார் பரசுராமன். "திருப்பி அனுப்பிச்சிடலாமா?"

எல்லோரும் கலியாணசுந்தரத்தைப் பார்த்தார்கள். மெக்கானிக் வரட்டும், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கு என்ன செலவு? ஆனால் மெஷின் திரும்பிப் போகும், ஊர் சிரிக்கும் என்ற பயம் அவர் வாயை முந்திக்கொண்டது.

"மெஷின்ல கொற ஒண்ணும் இல்லீங்க. கை அழுத்தம் சரியில்ல. பொம்பளப் புள்ள கைக்கு இது வராது போல இருக்குது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. பரசுராமன் அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டார். "அதச் சொல்லுங்க! கைராசி இல்ல. அப்பிடின்னா இந்த நாற்காலிக்கு இனிமே ஆம்பளைங்களத்தான் எடுக்கறதுன்னு தீர்மானம் போட்டுடுவோம். நீங்களே முன்மொழிஞ்சிடுங்க."

கலியாணசுந்தரம் முன்மொழிந்தார். குழலியின் கை இன்னும் கைப்பிடிமேலேயே இருந்தது. அவரை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மேஜைக்கடியிலிருந்த டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடினாள்.

மெக்கானிக் யேசுதாஸ் வந்தது அதற்குப் பதினைந்து இருபது நாள் கழித்து. மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தவர் வாயைப் பிளந்தார். திருப்புளி முனையால் கெட்டியாக, கறுஞ்சிவப்பாக ஒரு கட்டியைப் பெயர்த்துக் காகிதத்தில் போட்டார். அப்புறம் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

"யாரு சார் இதுக்குப் பூஜ பண்ணது? உள்ள ஒரு கோயிலே கட்டி வெச்சிருக்கீங்க."

கலியாணசுந்தரம் காகிதத்திலிருந்த கட்டியைக் குனிந்து பார்த்தார். "கை அழுத்தம்..." என்று இழுத்தார்.

"கையாவது ஒண்ணாவது! எங்கப்பன் வந்து சுத்தினாலும் நிக்கும் சார். பல்சக்கரம் பூராவும் சந்தனம் காஞ்சி இறுகிக் கெடக்குது. இந்த லட்சணத்துல இத்தினி மாசம் ஓட்டியிருக்காங்களே, அதச் சொல்லுங்க. வேற யாரா இருந்தாலும் வேகத்துல சுத்திப் பல்ல ஒடச்சிருப்பாங்க. ஓட்டினது யாரு சார்? நல்ல கை."

பெட்ரோல் தொட்டு பிரஷ்ஷால் கழுவிப் பூட்டினார். மெஷின் வெண்ணெயாக ஓடியது. கலியாணசுந்தரத்துக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

அன்று சாயங்காலமே வேலாயுதத்தின் வீட்டுக்குப் போனார். "வாங்க செகரெட்டரி, நல்ல நேரத்துலதான் வந்தீங்க" என்று வேலாயுதம் தறியிலிருந்து எழுந்துவந்து, தாம்பாளத்தில் சர்க்கரையும் வெற்றிலையும் கொண்டுவந்து நீட்டினார். ஆரணியோடு தட்டு மாற்றியாகிவிட்டது. போன புதன்கிழமைதான். குழலி உள்கதவுப் பக்கம் வந்து நின்றாள்.

அவர் வெற்றிலையைத் தொடவில்லை. மெக்கானிக் வந்ததையும், உள்ளே இருந்ததையும் சொன்னார். "தப்பு உன்மேல இல்லம்மா. பூரா என்மேலதான். உன்ன நாலு பேர் நடுவுல அவமானப்படுத்திட்டேன்."

"தெரியும் சார்" என்றாள் குழலி.

"தெரியுமா? தெரிஞ்சி ஏம்மா வாயத் தொறந்து சொல்லல?"

"இன்னும் எப்பிடி சார் சொல்றது?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் அவரைக் கொன்றது.

"நான் கமிட்டில பேசறேன் வேலாயுதம். அவ வேலைய அவளுக்கே..."

"வார்த்த குடுத்தாச்சே" என்றார் வேலாயுதம். "ஆரணிக்காரங்க கிட்ட போயி, மெஷின் சரியாயிட்ச்சி, பொண்ணு இல்லன்னு சொல்லவா? பத்து நாள் முன்னாடி வந்திருக்கக் கூடாதா, செகரெட்டரி?" சொல்லிவிட்டு அவர் தறிப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வாசல்வரை வழியனுப்ப வந்தவள் குழலிதான். "ஒரு காரியம் செய்வீங்களா சார்? இதே தெருவுல வள்ளின்னு ஒரு பொண்ணு. இந்த வருசம்தான் பாஸ் பண்ணா. மெஷினப் பத்தி நான் சொல்லிச் சொல்லி அவளுக்கு ஆசையக் கெளப்பி வுட்டுட்டேன். எனக்குப் பதிலா அவள வெச்சிக்கோங்க."

"சரிம்மா" என்றார். வேறு எதைச் சொல்லுவார்?

அடுத்த கமிட்டியில் எழுந்து நடந்ததை நடந்தபடி சொன்னார். பெருமாளறிய ஒன்றையும் மறைக்கவில்லை. தீர்மானத்தை ரத்து செய்யுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். பரசுராமன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அம்மன் குங்குமம் மெஷின நிறுத்திச்சின்னு வெளிய போயி சொல்லிடாதீங்க செகரெட்டரி, கல்லால அடிப்பாங்க. அந்தப் பொண்ணு மேல எரக்கப்பட்டு ஏதோ கத கட்றீங்க. போவுது வுடுங்க. போட்ட தீர்மானம் போட்டதுதான்." சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து ஆதிகேசவன் என்று தனக்குத் தெரிந்த பையன் ஒருவனைக் கொண்டுவந்து அந்த நாற்காலியில் உட்காரவைத்தார்.

மெஷின் ஒருநாள்கூட நிற்கவில்லை. கழுவித் துடைத்த மெஷின், பொட்டும் இல்லை, ஏன் நிற்கப்போகிறது? புடவை கொண்டுவந்த நெசவாளிகள் வேலையை மறந்து வேடிக்கை பார்த்தார்கள். "ஆம்பளக் கை பட்டதும் எப்பிடி ஓடுது பாத்தியா!" என்று ஒருவர் வியந்தார். "அந்தப் பொண்ணு கைராசியே அப்பிடி. ஆரணிக்குப் போயி அந்தக் குடும்பம் என்னா ஆவப்போவுதோ" என்றார் இன்னொருவர். கலியாணசுந்தரம் அவர்களிடம் சண்டைக்குப் போனார். வயசாகிவிட்டது, செகரெட்டரிக்கு முன்கோபம் வருகிறது என்று பேசிக்கொண்டு போனார்கள்.

பங்குனியில் குழலியின் கலியாணம் முடிந்து அவள் ஆரணிக்குப் போன மறுவாரம், தாவணி போட்ட ஒரு பெண் சங்கத்து வாசலில் தயங்கித் தயங்கி நின்றாள். கையில் சர்டிபிகேட்டைச் சுருட்டி வைத்திருந்தாள்.

"நான் வள்ளி சார். குழலியக்கா உங்கள வந்து பாக்கச் சொல்லிட்டுப் போனாங்க. நீங்க சரின்னு சொன்னீங்களாம்."

உள்ளே ஆதிகேசவன் கைப்பிடியைச் சுற்றும் சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. கலியாணசுந்தரம் எழுந்து வாசலுக்கு வந்தார்.

"பொம்பளைங்கள எடுக்கறதில்லன்னு சட்டம் போட்டிருக்காங்களாமே சார்? தெருவுல சொன்னாங்க. நான் நம்பல. அப்பிடி யார் சார் போடுவாங்க?"

"நான்தாம்மா போட்டேன்" என்றார் கலியாணசுந்தரம்.